சிறு வயதில் பட்ட காயம்; வளர்ந்த பிறகு எச்.ஐ.வி. ஆபத்து: ஆண்களை காப்பாற்றும் 'நம்ம ஆளு' வைத்தியம்!

சென்னை:

எச்.ஐ.வி. வராமல் தடுப்பது எப்படி என்று கேட்டால் பள்ளிக்கூட பையன்கூட பதில் சொல்லி விடுவான். ஆணுறை போடணும், ஒருவருக்கு போட்ட ஊசியை இன்னொருவருக்கு போடக்கூடாது, ரத்தம் ஏற்றும் முன் பரிசோதிக்கணும். சுவரிலும், பஸ்சிலும், ரேடியோவிலும் பல வருஷமாக சொல்லி வரும் பாடம் இது.

ஆனால் இந்த பாடம் தலைகீழாக தெரிந்தும் சில ஆண்கள் ஆணுறை இல்லாமல் உறவு வைத்துக் கொள்கிறார்கள். பரிசோதனை இலவசம் என்று தெரிந்தும் அந்த வாசல் பக்கம் எட்டிக்கூட பார்ப்பதில்லை. ஏன்?

இதற்கு விடை தேடிப்போன டாக்டர்களும், தொண்டு நிறுவனத்தினரும் கடைசியில் போய் நின்ற இடங்களில் ஒன்று அந்த ஆண்களின் சின்ன வயசு. பையனாக இருந்தபோது யாரோ ஒருவர் அவர்கள் உடம்பை பலாத்காரமாக பயன்படுத்தி இருக்கிறார். அதை அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த பழைய காயம்தான் இன்றைக்கும் அவர்கள் கையை பிடித்து ஆபத்து பக்கம் இழுக்கிறது.

பையன்களுக்கும் நடக்கிறது

பாலியல் தொல்லை என்றாலே பெண் குழந்தைக்கு மட்டும்தான் என்று நம்ம ஊரில் ஒரு நினைப்பு. இந்த நினைப்பை உடைத்தது மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் நலத்துறை 2007-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அறிக்கை.

13 மாநிலங்களில் 12 ஆயிரத்து 447 குழந்தைகளிடம் பேசி இந்த ஆய்வு நடத்தப்பட்டது. தமிழ்நாடு அந்த 13-ல் இல்லை. ஏதாவது ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக சொன்ன குழந்தைகள் 53.22 சதவீதம். அதிர்ச்சி அதோடு நிற்கவில்லை. அப்படி சொன்னவர்களில் பாதிக்கு மேல், அதாவது 52.94 சதவீதம் பேர் பையன்கள்!

தொல்லை கொடுத்தவர்களில் ஏறக்குறைய பாதி பேர் முன்பின் தெரியாதவர்கள் இல்லை. குழந்தைக்கு நன்றாக தெரிந்தவர்கள், நம்பி ஒப்படைக்கப்பட்டவர்கள். அதனால்தான் வெளியில் சொல்ல வாய் வருவதில்லை. 'ஆம்பள பையன்தானே, இதுக்கெல்லாம் அழலாமா' என்று கேட்கும் ஊரில் ஒரு பையன் யாரிடம் போய் சொல்வான்?

காயம் எப்படி நோய்க்கு வழி விடுகிறது?

இது மந்திரமும் இல்லை, விதியும் இல்லை. சிறு வயதில் பாதிக்கப்பட்ட எத்தனையோ ஆண்கள் நல்லபடியாக குடும்பம் நடத்தி, நோய் நொடி இல்லாமல் வாழ்கிறார்கள். ஆனால் ஆபத்து கூடுகிறது என்பதை பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் திரும்ப திரும்ப காட்டி உள்ளன. அது நடக்கும் விதம் இப்படி:

முதலாவது, 'வேண்டாம்' என்ற வார்த்தை. சின்ன வயதில் வேண்டாம் என்று சொல்லியும் எடுபடாமல் போனவனுக்கு, பெரியவன் ஆன பிறகும் அந்த வார்த்தை நாக்கில் வராது. எதிரில் இருப்பவர் ஆணுறை வேண்டாம் என்றால் 'சரி' என்று விட்டு விடுவான்.

இரண்டாவது, மரத்துப் போவது. பழைய நினைவு வந்ததும் உடம்பு ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம் என்று பிரிந்து விடும். அந்த நேரத்தில் பையில் இருக்கும் ஆணுறை ஞாபகத்துக்கே வராது.

மூன்றாவது, குடி. தூக்கம் வரவும், நினைவை மறக்கவும் குடிக்க ஆரம்பிப்பவர்கள் உண்டு. போதையில் பாதுகாப்பு காணாமல் போகும்.

நான்காவது, 'நான் என்ன பெரிய ஆளா, எனக்கு எது வந்தா என்ன' என்ற விரக்தி. தன் உடம்பு மேல் மதிப்பு இல்லாதவனிடம் 'உடம்பை பார்த்துக்கோ' என்று நோட்டீஸ் கொடுத்தால் கிழித்துத்தான் போடுவான்.

ஐந்தாவது, ஆஸ்பத்திரி பயம். சட்டையை கழற்றச் சொன்னாலோ, அந்தரங்க இடத்தை காட்டச் சொன்னாலோ பழைய சம்பவம் கண் முன்னால் வந்து நிற்கும். பால்வினை நோய் புண் இருந்தாலும் டாக்டரிடம் போகாமல் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி போட்டு சமாளிப்பார்கள். பால்வினை நோய் புண் இருந்தால் எச்.ஐ.வி. தொற்றுவது இன்னும் சுலபம் என்பது அவர்களுக்கு தெரிவதில்லை.

தப்பான மூன்று நம்பிக்கைகள்

இந்த விஷயத்தில் ஊரில் உலவும் சில பேச்சுகளை முதலில் ஒதுக்க வேண்டும்.

'சின்ன வயசுல இப்படி நடந்ததாலதான் அவன் ஆண்களோட போறான்' என்பார்கள். பாலியல் தொல்லை ஒருவரை தன்பாலின ஈர்ப்பு உள்ளவராக மாற்றுகிறது என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. பெண்ணை கட்டி குடும்பம் நடத்தும் ஆண்களிலும் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

'பாதிக்கப்பட்டவன் நாளைக்கு இன்னொரு குழந்தையை கெடுப்பான்' என்பது இரண்டாவது. பாதிக்கப்பட்ட ஆண்களில் மிகப் பெரும்பாலானோர் அப்படி செய்வதில்லை. இந்த பழிச்சொல்லுக்கு பயந்தே பலர் வாயை மூடிக் கொள்கிறார்கள்.

மூன்றாவது, பாதிக்கப்பட்டவரே தனக்குள் வைத்து புழுங்குவது. 'அப்போ என் உடம்பும் உணர்ச்சி காட்டுச்சே, அப்ப எனக்கும் சம்மதம்தானோ' என்ற குழப்பம். தொட்டால் உடம்பு தானாக காட்டும் அசைவு அது. அதற்கு பேர் சம்மதம் இல்லை.

நம்ம ஆளு வந்தா பேசுவாங்க

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன் முதலில் தெரிய வந்ததே சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரி பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனும், அவரது மாணவி டாக்டர் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் அது உறுதியானது. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கம் தொடங்கப்பட்டது. அன்று முதல் கற்றுக் கொண்ட பெரிய பாடம், வெள்ளை கோட்டு போட்டவர் மேடையில் பேசுவதை விட, கூட பழகும் ஆள் காதோடு சொல்வது வேலை செய்யும் என்பது.

ஆண்களோடு உறவு வைக்கும் ஆண்களுக்காக சென்னையில் 1998-ல் தொடங்கப்பட்ட 'சகோதரன்' அமைப்பு இந்த வழியில் போனது. கும்பகோணத்தில் 'லோட்டஸ்' சங்கமும் உண்டு. அரசு பணம் கொடுக்க, இப்படிப்பட்ட அமைப்புகள் களத்தில் வேலை செய்யும் திட்டத்துக்கு பெயர் டி.ஐ. திட்டம்.

இதில் 'பியர்' என்று அழைக்கப்படுபவர்தான் முதுகெலும்பு. அதே சமூகத்தை சேர்ந்தவர். பஸ் ஸ்டாண்டு, பூங்கா, கடற்கரை என்று ஆட்கள் கூடும் இடம் அவருக்கு அத்துப்படி. ஆணுறையும், வழுவழுப்பு ஜெல்லும் கொடுப்பார். 6 மாதத்துக்கு ஒரு தடவை ரத்த பரிசோதனைக்கு கூட்டிப் போவார். ஓய்வாக வந்து உட்கார, குளிக்க, பேச ஒரு அறை இருக்கும். அங்கே ஒரு கவுன்சிலரும் இருப்பார். வார்டு கவுன்சிலர் இல்லை, மன ஆலோசனை சொல்பவர்!

இந்த வேலை ஏன் தேவை என்பதற்கு ஒரு கணக்கு போதும். நாட்டில் வயது வந்தவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம். ஆண்களோடு உறவு வைக்கும் ஆண்களிடம் 2021-ல் நடந்த தேசிய கண்காணிப்பில் அது 3.26 சதவீதம்.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. 'இந்த மாசம் எத்தனை ஆணுறை கொடுத்தே, எத்தனை பேரை டெஸ்ட்டுக்கு கூட்டிட்டு போனே' என்ற கணக்குக்குத்தான் நோட்டில் கட்டம் இருக்கிறது. 'சின்ன வயசுல உனக்கு ஏதாவது நடந்துச்சா' என்று கேட்க கட்டமும் இல்லை, பல இடங்களில் அதற்கான பயிற்சியும் இல்லை.

சென்னையில் நடந்த சோதனை

மனசுக்கு மருந்து போட்டால் எச்.ஐ.வி. ஆபத்து குறையுமா? சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும், மும்பை 'ஹம்சபர் டிரஸ்ட்' அமைப்பும், அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து இதை சோதித்து பார்த்தனர். இரண்டு நகரங்களிலும் சேர்த்து ஆண்களோடு உறவு வைக்கும் 608 ஆண்கள் இதில் பங்கேற்றனர்.

ஒரு பிரிவினருக்கு வழக்கமான பரிசோதனையும் அதோடு சேர்ந்த ஆலோசனையும் மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதோடு 4 தடவை குழுவாகவும், 6 தடவை தனியாகவும் உட்கார வைத்து பேச்சு. பேச்சு முழுக்க நோயை பற்றி இல்லை. தன்னைத்தானே ஏற்றுக் கொள்வது, தன் மேல் மதிப்பு வைப்பது பற்றி.

2021-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' மருத்துவ இதழில் முடிவு வெளியானது. பேச்சு சிகிச்சை பெற்றவர்களிடம் ஆணுறை இல்லாத உறவு மற்ற பிரிவினரை விட அதிகமாக குறைந்திருந்தது. இது சிறு வயதில் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்று நடந்த சோதனை இல்லை. ஆனால் வழி எது என்று காட்டி இருக்கிறது.

பாதிக்கப்பட்டவர்களுக்கு என்றே ஒரு சோதனை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்தது. 43 ஆண்கள்தான். பழைய காயத்துக்கான மன சிகிச்சையையும், எச்.ஐ.வி. தடுப்பையும் ஒரே ஆலோசகர் சேர்த்தே கொடுத்தார். 2019-ல் வெளியான முடிவில் பலன் தெரிந்தது. சின்ன சோதனை என்றாலும், இரண்டையும் தனித்தனி வாசலில் வைக்கக் கூடாது என்பது புரிந்தது.

எப்படி கேட்கணும்?

எடுத்த எடுப்பில் 'உன்னை யாராவது கெடுத்தாங்களா' என்று கேட்டால் எழுந்து போய் விடுவார். கதவை சாத்தி, தனியாக உட்கார வைத்து, 'இங்க சொல்றது வெளிய போகாது, சொல்ல இஷ்டம் இல்லைன்னா விட்டுடலாம்' என்று முதலிலேயே சொல்ல வேண்டும்.

சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசக் கூடாது. 'ஏன் அப்பவே சொல்லலை', 'ஏன் ஓடலை' என்ற கேள்விகள் வேண்டாம். முழு கதையையும் ஒரே நாளில் கறக்க வேண்டியது இல்லை. 'நடந்தது உன் தப்பு இல்லை' என்ற ஒரு வரி போதும், பலருக்கு அதை வாழ்க்கையில் முதல் தடவையாக கேட்கிற அனுபவம் அது.

பியர் எல்லாவற்றையும் தானே தீர்க்க நினைக்கக் கூடாது. தூக்கம் இல்லாமை, தற்கொலை எண்ணம், அடங்காத குடி இருந்தால் அரசு ஆஸ்பத்திரி மனநல பிரிவுக்கு கூடவே போய் விட வேண்டும். சீட்டு எழுதிக் கொடுத்தால் போக மாட்டார், கூட போனால் போவார்.

சட்டம் என்ன சொல்கிறது?

2012 நவம்பர் 14-ந்தேதி நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தில் ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. 18 வயதுக்கு உட்பட்ட பையனுக்கும் முழு பாதுகாப்பு உண்டு. குழந்தைக்கு தொல்லை நடப்பது தெரிந்தால் போலீசுக்கு சொல்லியே ஆக வேண்டும். ஆலோசகர்களும் இதற்கு கட்டுப்பட்டவர்கள். எனவே 18 வயது ஆகாதவரிடம் பேசும் போது இதை முன்கூட்டியே சொல்லி விடுவது நியாயம்.

ஆணும் ஆணும் சம்மதத்தோடு வைக்கும் உறவு குற்றம் இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ந்தேதி தீர்ப்பளித்தது. போலீஸ் பிடிக்குமோ என்று பயந்து பரிசோதனைக்கு ஒளிய வேண்டியது இல்லை.

அதே செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்பு சட்டப்படி, ஒருவர் சம்மதம் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. முடிவை அவர் அனுமதி இல்லாமல் வெளியில் சொல்லவும் கூடாது.

எங்கே போவது?

அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள 'நம்பிக்கை மையம்' பிரிவில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். தொற்று இருந்தால் 2017-ல் இருந்து உடனே மருந்து ஆரம்பிக்கப்படுகிறது. தினமும் மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு குறைந்து விட்டால், உறவு மூலம் அடுத்தவருக்கு தொற்றாது.

பலாத்காரம் நடந்தாலோ, ஆணுறை இல்லாத உறவு நடந்தாலோ 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் மாத்திரை சாப்பிட்டால் தொற்றை தடுக்க முடியும். 'நாளைக்கு பார்த்துக்கலாம்' என்று விட்டால் அந்த வாய்ப்பு போய் விடும்.

எச்.ஐ.வி. பற்றி கேட்க 1097, குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098, மனசு பாரமாக இருந்தால் 'டெலி மானஸ்' 14416. மூன்றுமே இலவசம்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. மகளிடம் 'யாராவது தப்பா தொட்டாங்களா' என்று கேட்கும் அம்மா, அப்பா அதே கேள்வியை மகனிடமும் கேட்க வேண்டும். அவன் சொன்னால் நம்ப வேண்டும். இன்றைக்கு வீட்டில் சொல்ல முடிந்த பையன், 20 வருஷம் கழித்து அதே பாரத்தை சுமந்து கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் தயங்கி நிற்க மாட்டான்.