உங்களுக்குத் தெரியுமா? நிலத்தடி வெந்நீரில் குளிர் போக்கும் ஐஸ்லாந்து

ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குக் கதகதப்பு தருவது பூமிக்கடியில் கிடைக்கும் வெந்நீர்தான்!

● தலைநகர் ரெய்க்யவிக்கில் 1930இல் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து சுமார் 3 கி.மீ. தூரம் குழாய் பதித்து, ஒரு பள்ளிக்கும் சில வீடுகளுக்கும் வெந்நீர் கொண்டுவந்தார்கள்.

● அப்போதெல்லாம் நிலக்கரிப் புகை நகரை மூடியிருக்கும். 1973 எண்ணெய் நெருக்கடியில் விலை எகிறவே, வெந்நீர்த் திட்டம் நாடெங்கும் வேகமாகப் பரவியது.

● சுமார் 80 டிகிரி செல்சியஸில் வரும் நீர் சுவரோர ரேடியேட்டர்களில் ஓடி அறையைச் சூடாக்கும். சூடு தணிந்து வெளியேறும் நீரும் வீணாவதில்லை. நடைபாதைகளுக்கு அடியில் பதித்த குழாய்களில் ஓடிப் பனியை உருக்குகிறது.

கரியும் எண்ணெயும் எரிக்காமலே கடுங்குளிரை வெல்லலாம் என்பதற்கு இந்தச் சின்னஞ்சிறு தீவு நாடே சாட்சி.