மூத்த மேனியின் எழில்

அழகு என்பது இளமையோடு முடிந்துவிடுவதோ? காரைக்கால் அம்மையாரின் திருவுருவை நோக்கி இதனைச் சிந்திப்போம்.

வணிகர் குலத்து எழிற்செல்வியாகிய புனிதவதியார், கணவன் தம்மைத் தெய்வமெனக் கருதி அடிவீழ்ந்தபின், அவனுக்கெனத் தாங்கிய உடலழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார் எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். நம் சிற்பிகளும் அவ்வுருவை மறைத்தாரல்லர். கங்கைகொண்டசோழபுரத்தில் ஆடவல்லானின் திருவடியருகே அவரைக் காண்கிறோம். சோழர்காலச் செப்புத் திருமேனியிலோ, விலாவெலும்பு தோன்றுகிறது; மார்பு வற்றியுள்ளது; கையில் தாளம், முகத்தில் இசையின் களிப்பு!

இல்லறம் முறிந்தது, எழில் நீங்கியது, பாட்டோ நிற்கவில்லை. அவர் அருளிய 143 பாடல்கள் பதினோராம் திருமுறையில் ஒளிர்கின்றன. கயிலையில் இறைவன் 'அம்மையே' என அழைத்ததும் அவ்வற்றிய உருவத்தையே அன்றோ! நாயன்மார் 63 பேர் வரிசையில் அமர்ந்த கோலத்தில் விளங்குபவரும் அவரே.

அவ்வுருவை இங்கே கைகூப்பித் தொழும் நாம், நம் இல்லத்து மூதாட்டியை விருந்தினர் கண்ணிற் படாதவாறு உள்ளறையில் இருத்துதல் முறையாகுமா? அச்சுருங்கிய கைகளன்றோ நம்மை வளர்த்தன! இன்று இல்லம் திரும்பியதும், அவரைக் கூடத்தில் அமர்த்தி, அருகிருந்து உரையாடுவோமாக.