கட்டடக்கலைக் கல்லூரியில் அப்படி என்னதான் இருக்கிறது?

கட்டடக்கலைக் கல்லூரி என்றாலே ‘அது பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு’ என்று சிவில் படிக்கும் நாமே ஒதுங்கிப் போகிறோம். அங்கே என்னென்ன வசதிகள் உண்டு, அவற்றில் நமக்கு எட்டுவது எது என்று பார்ப்போமா?

முதலாவது ஸ்டூடியோ. நம்ம டிராயிங் ஹால் மாதிரிதான், ஆனால் நாளின் பெரும்பகுதி அங்கேதான் கழியும். அகமதாபாத்தில் பி.வி.தோஷி 1962-இல் தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளி இன்று செப்ட் பல்கலைக்கழகம். அங்கே ஸ்டூடியோக்களுக்கு வடக்குப் பக்க வெளிச்சம் வரும்படி அவரே கட்டடத்தை வடிவமைத்தார். வடக்கு வெளிச்சத்தில் கண் கூசாது. மெல்லிய கோடும் தெளிவாத் தெரியும். 2018-இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியர் இவர்தான்.

இரண்டாவது மாடல் பட்டறை. அட்டையிலும் மரத்திலும் கட்டடத்தைச் சின்னதாகச் செய்து பார்க்கும் இடம். மூன்றாவது, செங்கல், ஓடு, கல், மர மாதிரிகளைத் தொட்டுப் பார்க்கும் பொருட்கூடம். நான்காவது நூலகம். ஐந்தாவது ‘அளந்து வரைதல்’: பழைய கட்டடம் ஒன்றை டேப் பிடித்து அளந்து, அளவு மாறாமல் தாளில் கொண்டுவரும் பயிற்சி.

இந்த ஐந்தாவதுக்கு நாம் சென்னை போக வேண்டாம். தக்கலையிலிருந்து ரெண்டு கிலோமீட்டரில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கு! 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அது. இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் மரச் சட்ட ஜன்னல்கள், மழைச்சாரல் சுவரைத் தொடாத சரிந்த கூரை, கண்ணாடி போல மின்னும் கருந்தரை எல்லாம் அங்கே பாடம். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாளில் ஸ்கெட்ச் நோட்டோடு போங்க. அளக்க வேண்டுமானால் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரில் வரைய ஆட்டோகேட் மென்பொருள், படிக்கிறோம் என்பதற்குச் சான்று காட்டினால் மாணவர்களுக்கு இலவசம். இன்னொரு விஷயம்: பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோவில் கணிதம் படித்த நாமும் ‘நாட்டா’ தேர்வு எழுதி பி.ஆர்க். சேரலாம். ஆனால் முதலாண்டிலிருந்து ஐந்து வருஷமும் படிக்கணும். 1957-இல் தொடங்கி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கும் கட்டடக்கலைப் பள்ளியின் வாசலும் இதே வழியில்தான் திறக்கும்.

மீதி ஒன்றுதான், மேசை. கடியப்பட்டணத்தில் எங்க வீட்டுல ஏ1 ஷீட்டை விரிச்சா ராத்திரி பாய் விரிக்க இடம் இருக்காது. அப்பா விடியுமுன் கடலுக்குப் போகணும். லைட்டும் போட முடியாது. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பலருக்கும் இதே கதைதான். ஆகவே டிராயிங் ஹாலை மாலை ஏழு மணி வரை திறந்து வைக்க நம் பேரவை முயற்சி எடுக்க வேண்டும். பூட்டுவது, கூட்டுவது எல்லாம் முறை வைத்து நாமே பார்த்துக்கொள்வோம். மேசையும் வெளிச்சமும் கிடைத்தால் போதும், மக்கா, கோடு தானா நேராகும்!