கிணற்று நீரும் கடல் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழையே சுண்ணாம்புக்கற் பிளவுகளின் வழியே கீழிறங்கிக் கிணற்று நீராகின்றது. அந்நன்னீர், தன்னினும் அடர்த்தி மிக்க உவர்நீரின்மேல் வில்லை வடிவில் மிதந்து நிற்கின்றது.

கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், அம்மட்டத்தின் கீழ் ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இது கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவர் தனித்தனியே கண்ட விதி. ஆதலின், மேலே ஓரடி குறைந்து அந்நிலை நீடிப்பின், கீழே 40 அடி நன்னீரை இழப்போம்.

உவர்நீர் புகும் அபாயம் ஓரிடத்தில் எவ்வளவு என்பதை எங்ஙனம் மதிப்பிடலாம்? கல்டிற் என்னும் முறை ஆறு கூறுகளை ஆராய்ந்து, அவற்றுக்கு 15 நிறைகளைப் பகிர்கின்றது. நீர்தாங்கு படையின் வகைக்கு 1. அதனூடு நீர் செல்லும் எளிமைக்கு 3. கடல்மட்டத்துக்கு மேல் நீர்மட்டத்தின் உயரத்துக்கு 4. கரையிலிருந்துள்ள தூரத்துக்கு 4. இப்பொழுதுள்ள உவர்ப்புக்கு 1. படையின் தடிப்புக்கு 2.

இப்பங்கீடு ஊன்றி நோக்கற்பாலது. நாவுக்கு இனிக்கும் நீரைக் கண்டு நாம் அமைதி கொள்கின்றோம். அச்சுவைக்கோ இம்முறை அளிக்கும் நிறை ஒன்றே. மிகுந்த நிறை பெற்ற இரண்டனுள் கரையின் தூரம் நம்மால் மாற்றத்தக்கதன்று. நீர்மட்டமோ நம் கையில் உள்ளது. துலா ஓய்ந்து இயந்திரம் இறைக்கும் இக்காலத்தில், அளவறிந்து இறைத்தலும், குளங்களைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குதலுமே அதனைக் காக்கும் வழிகளாம். உவர்ப்பு நாவிற் பட்டபின் விழித்தல் காலங்கடந்த விழிப்பேயாகும்.