நம்மை நாமே திட்டலாமா?

எங்க அம்மா அங்கன்வாடி டீச்சர். போன மாதம் ஒருநாள் குழந்தைகளின் எடையைப் பதிவேட்டில் வரி மாற்றி எழுதிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் "எனக்கு மூளையே இல்ல, நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். அந்த யோசனையில் சோறு அடிப்பிடித்தது. கடைசியில் தம்பிக்கு அடி விழுந்தது. பாவம், அவன் ஒண்ணுமே செய்யலை.

இதே தப்பைப் பக்கத்து ஊர் டீச்சர் செய்திருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பார்? "விடுங்கக்கா, நாளைக்குத் திருத்திக்கலாம்" என்றுதான். அதைத் தனக்கு மட்டும் சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை.

கிறிஸ்டின் நெஃப் என்ற அமெரிக்க மனவியல் பேராசிரியர் 2003-ல் இதைப் பற்றி எழுதினார். தோழிக்குக் காட்டும் அன்பை நமக்கும் காட்ட வேண்டும், தப்பு எல்லா மனிதரும் செய்வதுதான் என்று நினைக்க வேண்டும், மனசு வலிக்கும்போது அதை மறைக்காமலும் பெரிதாக்காமலும் கவனிக்க வேண்டும் என்கிறார். அந்தக் கவனிப்பு புதுசு இல்லை. புத்தர் காலத்துத் தியானம்தான். பாலி மொழியில் அதற்குப் பெயர் 'சதி'. (நம்ம ஊர் சதித்திட்டம் இல்லை!) 1979-ல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் தீராத வலி உள்ள நோயாளிகளுக்கு இதைப் பயிற்சியாகக் கற்றுக்கொடுத்தார்.

செய்வது சுலபம். தப்பு நடந்ததும் ஒரு நிமிஷம் உட்கார வேண்டும். நெஞ்சில் கை வைத்து மூச்சை மெதுவாக விட வேண்டும். மூச்சு வெளியே போகும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் குறையும், நாடி பிடித்தே பார்க்கலாம். அப்புறம் தோழியிடம் சொல்வதைத் தனக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

எங்க அப்பத்தா இதை ஒத்துக்கலை. "தன்னையே கொஞ்சிக்கிட்டா சோம்பேறி ஆயிடுவீங்கடி" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் 2012-ல் பிரைன்ஸ், சென் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்குக் கஷ்டமான சொல் பரீட்சை வைத்தார்கள். "இது எல்லாருக்கும் கஷ்டம்தான், உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்" என்று சிலரிடம் சொன்னார்கள். அடுத்த பரீட்சைக்கு அவர்கள்தான் மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்களாம்! இதைச் சொன்னதும் அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்.

இப்போது அம்மா அங்கன்வாடியிலிருந்து வந்ததும் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். பதிவேட்டையும் மறுநாளே திருத்திவிட்டார். எனக்குத்தான் கணக்குப் பேப்பர் வாங்கும்போது மட்டும் இதெல்லாம் மறந்துபோகிறது.