ஊர்ப்பிள்ளை பேராசிரியரானால்

யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பைப் பற்றி மைக்கேல் பாங்ஸ் என்னும் மேனாட்டறிஞர் எழுதிய கட்டுரை 1960இல் வெளிவந்தது. அந்நியர் கேட்டால் ஊரார் பொறுமையாக விளக்குவர். ஊர்ப்பிள்ளையே சமூகவியற் பேராசிரியராகி வந்தாலோ, குறிப்பேட்டை விரிக்குமுன்னரே திண்ணையிலிருக்கும் ஆச்சி, “தம்பி, ஆற்றை பிள்ளை?” என்று கேட்டுவிடுவார். வினவ வந்தவரே விடையிறுக்க வேண்டும்!

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் என். சண்முகலிங்கன், தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் வழிபாட்டை ஆராய்ந்து 2002இல் ஆங்கில நூலொன்று தந்தார். நம் தாய்மார் நேர்த்தி வைக்கும் கோயிலே அவருக்கு ஆய்வுக்களமாயிற்று.

புதிதாகப் பதவியேற்ற ஒருவரை எண்ணிப் பார்ப்போம். காலையில் மாணவருக்குத் தேசவழமையையும் சீதனத்தையும் விளக்கியவர், மாலையில் வீடு வந்தால் விறாந்தையில் தங்கையின் கலியாணப் பேச்சு நடக்கிறது. தரகரோ, தமையனாரின் சம்பளத்தையும் சீதனக் கணக்கிற் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.