பாட்டியின் மூக்குத்தி

தாத்தா, பாட்டியின் கல்யாணப் படத்தை ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆம்பூரில் அத்தை வீட்டிலிருந்த ஒரே படத்தை வாங்கி வந்து ஸ்கேன் செய்து, 'ஜேபெக்' கோப்பாகச் சேமித்துக்கொண்டு, படத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு பல இரவுகள் கணினிமுன் உட்கார்ந்து கீறல்களை நீக்கினேன். ஒவ்வொரு முறையும் அதே கோப்பின் மீதே சேமித்தேன். கடைசியில் பெரிதாக அச்சிட்டுப் பார்த்தால், பாட்டியின் மூக்குத்தி கரைந்து வெறும் சாம்பல் புள்ளியாகியிருந்தது. புடவைக் கரையெங்கும் சின்னச் சின்னக் கட்டங்கள்! மீண்டும் ஸ்கேன் செய்யலாமென்று ஆம்பூருக்குப் பேசினேன். மழையில் கூரை ஒழுகி, படம் கண்ணாடியோடு ஒட்டிப் பாழாகிவிட்டதாம்.

ஜேபெக்கின் அடிப்படைக் கணிதத்தில் நம் ஊருக்கும் பங்குண்டு. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, இன்று விசுவேசுவரய்யா பெயரில் விளங்கும் பொறியியல் கல்லூரியில் படித்து, 1961-இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர். நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோருடன் 1974-இல் அவர் வெளியிட்ட 'கொசைன் உருமாற்றம்'தான் 1992-இல் உருவான ஜேபெக் தரத்தின் உயிர்நாடி.

அம்முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கழிக்கிறது. அதனால் கோப்பு சிறுக்கிறது. ஒருமுறை கழிந்தால் நமக்குத் தெரியாது. திருத்தித் திருத்திச் சேமித்தாலோ தேய்மானம் கூடிக்கொண்டே போகும். குற்றம் கணிதத்தில் இல்லை. அனுப்புவதற்கான வடிவத்தில் நான் திருத்த வேலை செய்ததுதான் தவறு.

ஆகவே அன்பர்களே, பழைய படங்களை 'டிஃப்' வடிவில் ஸ்கேன் செய்யுங்கள். நான்குக்கு ஆறு அங்குலப் படம் 600 புள்ளி அடர்த்தியில், வண்ணத்தில், சுமார் 26 மெகாபைட் வரும், வரட்டுமே! அந்த முதல் கோப்பைத் தொடாமல் வைத்து, அதன் நகலில் திருத்துங்கள். கோலம், எழுத்து போன்றவற்றுக்குப் 'பிஎன்ஜி' ஏற்றது, அதிலும் இழப்பில்லை. வேலை முடிந்தபின், உறவினருக்கு அனுப்ப மட்டும் ஒரு ஜேபெக் பிரதி எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது மேலும் சுருக்கிவிடும்.

நல்லவேளை, ஸ்கேன் செய்த அன்றே சென்னையிலுள்ள அத்தை மகனுக்கு அந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். நகலெடுப்பதால் ஜேபெக் தேய்வதில்லை. அவர் அதைத் திருப்பி அனுப்பினார். டிஃபாக மாற்றிக்கொண்டு, முதலிலிருந்து திருத்தினேன்.

இப்போது கூடத்தில் பாட்டி இருக்கிறாள், மூக்குத்தியோடு.